இல்லத் தொழில்: கீழே தெரியும் குற்றம்

நம் சங்கத்துச் சகோதரி ஒருவரிடமிருந்து சென்ற திங்கள் ஒரு கடிதம் வந்தது. மறைந்த மாமியாரின் பெட்டியில் எஞ்சியிருந்த நான்கு சுங்குடிச் சேலைகளை இரண்டிரண்டாக மடித்து அடுக்கி, நாகபுரியில் நம் அண்டை வீட்டு மராத்தியப் பெண்கள் தைக்கும் கோதடியைப் போல் ஒரு போர்வை தைத்து, டில்லிக்குப் படிக்கச் செல்லும் மகளிடம் கொடுத்தனுப்ப அவர் விரும்புகிறார். பொறியும் மாமியாருடையதே, மதுரையிலிருந்து பார்சலில் வந்து சேர்ந்த, மிதியுடன் கூடிய பழைய கருநிற உஷா. ரவிக்கைத் துணியில் முத்துக் கோத்தாற்போல் தைக்கும் அப்பொறி, கோதடியைக் கண்டதும் அடிப்புறத்தில் நூலைக் கண்ணி கண்ணியாகத் தொங்கவிடுகின்றது. பழுது பார்ப்போர் இருவர் வந்து திருகிப் பார்த்துச் சென்றனர். மூன்றாமவரோ, பழைய இரும்பு விலைக்குத் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். விற்பதா, வைத்திருப்பதா என்பது சகோதரியின் வினா.

விற்க வேண்டுவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உதவாது என்று ஒருவர் கூறும் பொருளை அவரே விலைக்குக் கேட்பது ஏன் என்பதையும் சற்று எண்ணிப் பார்த்தல் நலம். இயந்திரங்களை எளிதில் ஒப்புக்கொள்ளாத காந்தியடிகளே, 1924-இல் சிங்கர் தையற்பொறிக்கு மட்டும் விலக்கு அளித்துப் பேசினார் அன்றோ!

ஞாயிறன்று நேரில் சென்று பார்த்தோம். பார்சல் ரசீது எழுதும் கைக்குத் திருப்புளியும் பிடிக்க வரும் என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

பொறித் தையலின் இயல்பை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். 1846-இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் உரிமை பெற்ற பொறி முதல் இன்றைய பொறி வரை, மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பின்னிக்கொள்வதே இத்தையல். இரண்டும் கயிறிழுக்கும் இரு கட்சிகளைப் போன்றவை. இழுப்பு சமமாயின் பின்னல் துணியின் நடுவில் மறைந்து நிற்கும். மேல்நூல் தளர்ந்தால் கீழ்நூல் அதனை அடிப்புறத்திற்கு இழுத்துச் சென்றுவிடும். அதுவே கீழே தொங்கும் கண்ணி. எனவே கீழே கண்ணி தொங்கினால் குறை மேலே. மேலே கண்ணி எழும்பினால் குறை கீழே, அல்லது மேல்நூல் மிக இறுகியுள்ளது. வயிற்றின் கோளாறு நாவில் வெளுப்பாய்த் தெரிவதில்லையா? நாவைச் சுரண்டிப் பயன் என்ன?

வந்துபோன இருவரும் அதைத்தான் செய்திருந்தனர். கண்ணி கீழே தெரிந்ததால் கீழே உள்ள பாபின் கேஸின் திருகை மாறி மாறி முறுக்கியிருந்தனர். ஆகவே அதனை முதலில் நேர்செய்ய வேண்டியதாயிற்று. பாபினைக் கேஸில் இட்டு, வெளிவரும் நூலைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். தன் கனத்தால் வழுக்கி இறங்கினால் தளர்வு. சுண்டினாலும் இறங்காவிட்டால் இறுக்கம். தொங்கி நின்று, இலேசாகச் சுண்டும்போது ஓரிரு அங்குலம் மட்டும் இறங்கினால் சரி. அந்தச் சிறு திருகைக் கடிகார முள் ஐந்து நிமிடத்திற்கு நகரும் அளவே ஒரு முறைக்குத் திருப்புக. கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். தவறி விழுந்தால் தேடிக் கண்டெடுக்கக்கூடிய உருவமன்று அது.

பிறகு மேலே. நூலின் இழுப்பைத் தருவன, ஒன்றன்மேல் ஒன்று பொருந்திய இரு சிறு தட்டுகள். தையற்காரர் இதனை டென்ஷன் என்பர். துணியை அழுத்தும் பாதத்தை உயர்த்தினால் தட்டுகள் திறக்கும், இறக்கினால் பற்றும். பாதத்தை இறக்கியபடியே நூல் கோப்போருக்கு நூல் தட்டுகளுக்கு நடுவே புகாமல் விளிம்பில் தங்கிவிடுவதுண்டு. ஆதலின் பாதம் உயர்ந்திருக்கும்போதே கோத்தல் வேண்டும். பக்கத்திலுள்ள மெல்லிய கம்பிச் சுருளிலும் நூல் மாட்டியுள்ளதா எனப் பார்க்க. தட்டுகளுக்கிடையே பஞ்சுத்தூசி சேர்ந்திருந்தால் சுத்தமான துணித்துண்டை நுழைத்து இழுத்தெடுக்கலாம். அங்கே எண்ணெய் கூடாது.

எண்ணெய் என்றதும் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. நம் வீடுகளில் எதற்கும் தேங்காய் எண்ணெய். ஊரில் அது நீராக ஓடும். இங்கோ மார்கழி இரவில் வெப்பம் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி அளவிலேயே உறையத் தொடங்கும் பொருள். தலைக்கு வைக்கும் எண்ணெயையே அடுப்பருகில் வைத்து உருக்கிக்கொள்ளும் நாம், பொறியின் உள்ளே உறைந்ததை நினைப்பதில்லை. சகோதரியின் பொறியிலும் அது பிசினாகப் படிந்திருந்தது. நெருப்பு அண்டாத இடத்தில், எண்ணெய்த் துளைகளில் மண்ணெண்ணெய் சொட்டு விட்டு, நூலின்றி ஓட்டித் துடைத்துவிட்டுத் தையற்பொறிக்கென விற்கும் எண்ணெயை இட்டோம். மிதி இலேசாயிற்று. ஆயினும் கோதடியில் கண்ணி நிற்கவில்லை.

இனி உண்மையான காரணத்திற்கு வருவோம். பாதத்தை இறக்கிவிட்டு மேல்நூலைக் கையால் இழுத்தோம். மெல்லிய துணி இருக்கும்போது நூல் நன்கு எதிர்த்தது. அதே பாதத்தின் கீழ் எட்டு அடுக்குக் கோதடியை வைத்து இழுத்தபோது, தங்குதடையின்றி ஓடி வந்தது! கோதடியின் தடிப்பு பாதத்தை உயர்த்திவிட, பாதத்தைத் தூக்கினால் தட்டுகளைத் திறக்கும் அதே ஏற்பாடு பாதிக்கு வேலை செய்துகொண்டிருந்தது. பொறியின்மேல் பிழையில்லை, யாரோ நூல் கோப்பதாகவே அது எண்ணிக்கொண்டது. எல்லாப் பொறியிலும் இவ்வாறு நேர்வதில்லை; உங்கள் பொறியில் நேர்கிறதா என்பதை இந்த ஒரு சோதனை சொல்லிவிடும்.

ஒரு சேலையை நீக்கி ஆறு அடுக்காக்கியதும் தட்டுகள் பற்றின. நான்கில் எதனை நீக்குவது என்று சகோதரி நம்மைக் கேட்டார். அது நாம் சொல்லக்கூடியதன்று. கைகழுவப் போவதாகக் கூறி எழுந்து வந்துவிட்டோம்.

தட்டுகளை மேன்மேலும் முறுக்கி எட்டு அடுக்கையும் தைத்துவிடலாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். தைக்கலாம், பார்வைக்கு அழகாகவும் இருக்கும். ஆனால் நனைந்த கோதடியின் கனத்தை நேயர்கள் அறிவீர்கள். அதைப் பிழியும் நாளில், இறுகிய நூல் ஒன்று தான் அறும், அல்லது நைந்த சேலையைக் கிழிக்கும். நூல் அறுந்தால் மீண்டும் தைக்கலாம். பழஞ்சேலைக்கு இரு நூல்களும் சற்றுத் தளர்ந்தே, ஆனால் சமமாகத் தளர்ந்து இருத்தல் வேண்டும். மேலே சிவப்பும் கீழே வெள்ளையுமாக நூலிட்டு, அதே தடிப்புள்ள துண்டில் ஒரு சாண் தைத்துப் பார்த்தால் எந்த நிறம் எல்லை மீறுகிறது என்பது தெரிந்துவிடும்.

மற்றவை சுருக்கமாக: ஊசி புதியதாக, 16-ஆம் எண், நீண்ட பள்ளமுள்ள பக்கத்திலிருந்தே நூல் கோத்தல் வேண்டும். தையல் அங்குலத்திற்கு எட்டுக்கு மேல் வேண்டா. முதலில் சாணுக்கொரு வரிசை கையால் ஓட்டுத் தையல் இட்டுக்கொண்டால் அடுக்குகள் நகரா. கோதடி மேசையிலிருந்து தொங்கினால் அதன் கனமே ஊசியை வளைத்துத் தையலைத் தவறவிடும். இடப்பக்கம் ஒரு நாற்காலி போட்டுத் தாங்குங்கள்.

சகோதரி மூன்று மாலைகளில் தைத்து முடித்துவிட்டார். ஓரத்திற்கு என்ன செய்வது என்று கேட்டார். நீக்கிய நான்காம் சேலையின் கரையை வெட்டி, விளிம்பு மடித்து வைக்கலாம் என்றோம். அப்படி வைத்தால் ஓரத்தில் பத்து அடுக்காகும். தட்டுகள் மறுபடியும் திறந்துகொள்ளும். ஆகவே அவ்வோரம் மட்டும் கைத்தையல்.