43 வீரர்களை இழந்த டென்மார்க்... கைமாறாகக் கிடைத்தது என்ன? கூட்டாளிகளின் போரில் சிறிய நாடுகள் இறங்கலாமா?

2025 ஜனவரி 7. அமெரிக்க அதிபராகப் பதவியேற்க இன்னும் இரண்டு வாரங்கள்கூட இல்லாத நிலையில், டொனால்டு ட்ரம்ப் செய்தியாளர்களைச் சந்திக்கிறார். "கிரீன்லாந்தை அடைய ராணுவத்தையோ பொருளாதார நெருக்கடியையோ பயன்படுத்த மாட்டோம் என உறுதி தருவீர்களா?" என்று கேள்வி வருகிறது. உறுதி தர மறுத்துவிட்டார் ட்ரம்ப்.

கிரீன்லாந்து யாருடையது? டென்மார்க் ராஜ்ஜியத்தின் ஒரு பகுதி. அந்த டென்மார்க் யார்? அமெரிக்கா அழைத்த போருக்கெல்லாம் ஓடிப்போய் நின்ற நாடு. ஆப்கானிஸ்தானில் மட்டும் 43 வீரர்களைப் பறிகொடுத்த நாடு.

பெரிய கூட்டாளி எங்கோ தொலைவில் நடத்தும் போருக்குச் சிறிய நாடு தன் பிள்ளைகளை அனுப்ப வேண்டுமா? அனுப்பினால் கைமாறு கிடைக்குமா? பார்க்கலாம்.

டென்மார்க் ஏன் போனது?

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி படையெடுத்தபோது, டென்மார்க் சில மணி நேரத்திலேயே பணிந்தது. நடுநிலை என்று சொல்லிக்கொண்டு இருந்தது அந்த நாட்டைக் காப்பாற்றவில்லை. இந்தப் பாடத்தோடுதான் 1949-ல் நேட்டோவின் தொடக்க உறுப்பினர்களில் ஒன்றாகச் சேர்ந்தது. தனியாக நின்றால் தாக்குப்பிடிக்க முடியாது, பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதே கணக்கு.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, நேட்டோ தன் வரலாற்றில் முதல் முறையாகப் பிரிவு 5-ஐக் கையில் எடுத்தது. ஒருவர் மீது தாக்குதல் என்றால் எல்லார் மீதும் தாக்குதல் என்று சொல்லும் பிரிவு அது. இன்று வரை அது பயன்பட்டது அந்த ஒரு முறைதான். அதுவும் சிறிய நாட்டைக் காப்பாற்ற அல்ல, அமெரிக்காவுக்காக!

2002-லேயே டேனிஷ் வீரர்கள் ஆப்கானிஸ்தானில் இறங்கினார்கள். பிறகு பிரிட்டிஷ் படைகளோடு சேர்ந்து ஹெல்மண்ட் மாகாணத்துக்குப் போனார்கள். தாலிபான்களோடு மிகக் கடுமையான சண்டை நடந்த பகுதி அது.

சுமார் 55 லட்சம் மக்கள் கொண்ட நாட்டில் 43 உயிர்கள். அதாவது 10 லட்சம் பேருக்குக் கிட்டத்தட்ட 8 பேர். அமெரிக்கா இழந்தது 2,400-க்கும் மேற்பட்ட வீரர்களை. ஆனால் மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் இரண்டு நாடுகளின் இழப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். 2021 ஆகஸ்டில் காபூல் மறுபடி தாலிபான் கைக்குப் போனது தனிக்கதை.

இராக்: 61-க்கு 50

ஆப்கானிஸ்தானுக்காவது பிரிவு 5 இருந்தது. இராக் போருக்கு அதுவும் இல்லை, ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் வெளிப்படையான ஒப்புதலும் இல்லை. அப்படியிருந்தும் 2003 மார்ச் 21 அன்று டேனிஷ் நாடாளுமன்றம் 61-க்கு 50 என்ற வாக்குகளில் போருக்குச் சம்மதித்தது. முதலில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலும் ஒரு போர்க்கப்பலும் போயின. பிறகு பாஸ்ரா பகுதிக்குத் தரைப்படை போனது. 2007-ல்தான் அந்தப் படை திரும்பியது.

சதாம் உசேனிடம் இருப்பதாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று டென்மார்க்கின் ராணுவ உளவுத்துறை அறிக்கைகளிலேயே இருந்தது. அதைப் பத்திரிகைக்குக் கொடுத்த உளவு அதிகாரிக்குச் சிறைத்தண்டனை. முழுமையாக விசாரிக்க 2012-ல் அமைத்த ஆணையத்தை, 2015-ல் வந்த அரசு பாதியிலேயே கலைத்துவிட்டது.

சரி, லாபமே இல்லையா?

இல்லை என்று சொல்லிவிட முடியாது. வாஷிங்டனில் டென்மார்க்குக்கு அதன் அளவை மீறிய மரியாதை கிடைத்தது. இராக் போருக்கு நாட்டை அழைத்துச் சென்ற பிரதமர் ஆனர்ஸ் ஃபோக் ராஸ்முசென், 2009-ல் நேட்டோவின் பொதுச்செயலாளர் ஆனார்.

ஆனால் இந்த மரியாதையை எந்த ஒப்பந்தத்திலும் எழுதி வைக்கவில்லை. எதிரில் நாற்காலியில் உட்காருபவர் மாறினால் கணக்கும் மாறிவிடுகிறது. 2025 மார்ச்சில் கிரீன்லாந்தில் உள்ள அமெரிக்க தளத்துக்கே வந்த துணை அதிபர் ஜே.டி. வான்ஸ், கிரீன்லாந்து மக்களுக்கு டென்மார்க் சரியாக எதுவும் செய்யவில்லை என்று குறை சொன்னார். அந்த இடத்தில் ஹெல்மண்ட் கணக்கு எடுபடவில்லை.

ஜார்ஜியாவுக்கு நடந்தது என்ன?

இதைவிடக் கசப்பான பாடம் ஜார்ஜியாவுடையது. நேட்டோவில் சேர வேண்டும் என்ற ஆசையில் இராக்குக்குச் சுமார் 2,000 வீரர்களை அனுப்பியிருந்தது அந்தச் சின்ன நாடு. 2008 ஆகஸ்டில் ரஷ்யா ஜார்ஜியாவுக்குள்ளேயே நுழைந்தபோது, அதன் அனுபவமுள்ள படை இராக்கில் இருந்தது! அமெரிக்கா அவர்களைத் தன் விமானங்களில் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நிவாரணப் பொருட்களும் வந்தன. ஆனால் சண்டை போட அமெரிக்கா வரவில்லை. ஜார்ஜியா இன்றும் நேட்டோவுக்கு வெளியேதான் இருக்கிறது.

'முடியாது' என்றால் என்ன ஆகும்?

இதற்குப் பதில் நியூசிலாந்து. அணு ஆயுதக் கப்பல்களுக்கு அந்த நாடு கதவைச் சாத்தியதால், 1986-ல் அமெரிக்கா தன் பாதுகாப்புக் கடமையையே நிறுத்தி வைத்தது. 2003-ல் பிரதமர் ஹெலன் கிளார்க், ஐ.நா. ஒப்புதல் இல்லாத இராக் படையெடுப்பில் சேர மறுத்தார். பிறகு மறுசீரமைப்புப் பணிக்கு மட்டும் ராணுவப் பொறியாளர்களை அனுப்பினார்.

அதே நேரம் ஆப்கானிஸ்தானுக்குப் படை போனது. அங்கே நியூசிலாந்து 10 வீரர்களை இழந்தது. அதாவது ஒவ்வொரு போரையும் தனித்தனியாக எடைபோட்டது. உறவு முறிந்துபோனதா? இல்லை. 2010-ல் இரு நாடுகளும் வெலிங்டன் பிரகடனத்தில் கையெழுத்திட்டு மீண்டும் நெருங்கின.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நியூசிலாந்தைச் சுற்றிக் கடல். எஸ்டோனியாவுக்கோ லாட்வியாவுக்கோ பக்கத்து வீடே ரஷ்யா. எல்லோராலும் நியூசிலாந்து மாதிரி 'முடியாது' என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

படை அனுப்புவதை ஒரு இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரிதான் சிறிய நாடுகள் பார்க்கின்றன. ஆனால் இன்சூரன்ஸுக்கு பாலிசி பத்திரம் உண்டு. ஆப்கானிஸ்தானில் பிரிவு 5 என்ற பத்திரமாவது இருந்தது. அந்தக் கடமையை நிறைவேற்றாத நாடு, நாளை தனக்கு அதைக் கேட்க முடியாது. இராக்கிலோ நல்லபெயர் கிடைக்கும் என்ற நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததுதான் டென்மார்க் செய்த தவறு.

கூட்டாளிக்காகப் போவதா என்பதைவிட, எந்த வாக்குறுதியின் பெயரில் போகிறோம் என்பதே சிறிய நாட்டு நாடாளுமன்றம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. சட்டப்படியான அடிப்படை இருக்கிறதா, உளவுத் தகவல் முழுசாக மேசைக்கு வந்ததா, எப்போது திரும்பி வருவோம் என்று முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது? இதற்கெல்லாம் வாக்கெடுப்புக்கு முன்பே பதில் வேண்டும். நன்றிக்கடனை நம்பி அனுப்பினால், அந்த நன்றி அடுத்த தேர்தல் வரைக்கும்தான் தாங்கும்.