எல்லாம் சீதபேதி அல்ல

புதுக்கோட்டை ஈன்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நேயர்களுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. 1954-ம் ஆண்டு அடையாறில் அவருடைய விடாமுயற்சியால் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டதும் தெரிந்த விஷயமே. அந்த முயற்சிக்குக் காரணமாயிருந்தது அவருடைய தங்கையின் மரணம். தங்கைக்கு வந்தது மலக்குடலில் புற்றுநோய். முதலில் நடந்ததோ சீதபேதிக்கான வைத்தியம். உண்மை வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. டாக்டர் வீட்டிலேயே இப்படியென்றால், மற்ற வீடுகளைப் பற்றிக் கேட்பானேன்?

அந்தச் சீமையில் அறந்தாங்கியிலும் திருமயத்திலும் பொன்னமராவதியிலும் மாத்திரமல்ல, தமிழ்நாடெங்கும் வயோதிகர்களின் மலத்தில் இரத்தம் கண்டால் நாம் சொல்லும் பெயர்கள் மூன்றே மூன்று: மூலம், உஷ்ணம், சீதபேதி. மோரும் வெந்தயமும் மாதுளைத்தோல் கஷாயமும் புறப்படுகின்றன. இரண்டு நாள் வயிற்றுப்போக்குக்கு இவற்றை நாம் குறை சொல்ல வரவில்லை. இரண்டு மாதமாகியும் நிற்காவிட்டால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

குடல் அழற்சி நோய் என்று ஒன்று உண்டு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, தன் சொந்தக் குடலையே பகையென்று எண்ணித் தாக்குவதால் உண்டாவது இது. பெருங்குடலின் உட்தோல் மலக்குடலிலிருந்து மேல்நோக்கிப் புண்ணாவது ஒரு வகை. இதை 1859-ல் லண்டன் வைத்தியர் வில்க்ஸ் விவரித்தார். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் திட்டுத் திட்டாக, குடற்சுவரின் முழுக் கனத்தையும் பற்றுவது மற்றொன்று. 1932-ல் இதை வெளியிட்ட நியூயார்க் வைத்தியர் மூவரில் முதல்வரான கிரோன் என்பவரின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. அந்த மூவரும் இதைப் பெரும்பாலும் வாலிபர்களின் வியாதி என்றே எழுதினார்கள். அந்த எண்ணம் இன்னும் போனபாடில்லை. ஆனால் மேல்நாட்டுக் கணக்குப்படி, இந்நோயாளிகளில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்கு அறுபது வயதுக்குப் பிறகே இது தொடங்குகிறது.

வயோதிகரிடத்தில் இந்த வியாதி வேஷம் மாறி வரும். இரத்தமும் வலியும் குறைவாயிருக்கலாம். இளைப்பும் சோகையும் மாத்திரம் தெரியலாம். மூலத்தில் பெரும்பாலும் சுத்த இரத்தம் தனியே சொட்டும். இதிலோ இரத்தமும் சளியும் மலத்தோடு கலந்து வரும். நடுநிசியில் தூக்கத்தைக் கலைத்து எழுப்புகிற பேதியைச் சாதாரண வயிற்றுக் கோளாறு என்று தள்ளிவிடலாகாது. மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் சில மாத்திரைகளும் குடலைப் புண்ணாக்கும். டாக்டர் கேட்காவிட்டாலும் அவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல். குடலில் காணும் க்ஷயரோகமும் கிரோன் நோயும் இரட்டைப் பிள்ளைகள் போல் இருக்கும். அழற்சியை அடக்கும் மருந்துகள் சில, க்ஷயத்தைக் கிளப்பிவிட வல்லவை. ஆகையால் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சிறு சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்த பிறகே மருந்தை நிச்சயிக்கிறார்கள். புற்றுநோய் இருந்தாலும் அப்போதே அகப்பட்டுவிடும். 'கொலோனாஸ்கோபி' என்ற பெயரைக் கேட்டுப் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். உண்மையில் அதைவிடச் சிரமமானது முதல்நாள் குடலைச் சுத்தம் செய்யும் பேதிமருந்துதான்!

நோயை அடியோடு ஒழிப்பது அரிது. அடக்கி வைப்பது சாத்தியம். பெருங்குடல் புண்ணுக்கு மெஸலமீன் என்ற மருந்து பலருக்குப் போதுமானது. கடுமையானால் ஸ்டிராய்டு கொடுப்பார்கள். அது வயோதிகரின் எலும்பைத் தேய்க்கும், சர்க்கரையை ஏற்றும். டாக்டர் சொன்ன கெடுவுக்கு மேல் பழைய சீட்டைக் காட்டி வாங்குவது கூடாது, சட்டென்று நிறுத்துவதும் கூடாது.

இவ்வளவுக்கும் முன்னால் நிற்பது வெட்கம். கல்யாணத்துக்கு வரவில்லை, பஸ்ஸில் ஏறமாட்டேன், இரவில் சாப்பாடு வேண்டாம் என்று பாட்டி சொன்னால், பிடிவாதம் என்கிறோம். கக்கூஸ் எங்கே இருக்கிறது என்ற கவலையே அவளை வீட்டோடு கட்டிப் போட்டிருக்கலாம். மகனிடம் இதைச் சொல்ல அவளுக்கு நா எழாது. மருமகளோ பேத்தியோ தனியாகக் கேட்டால் சொல்வாள். புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசாங்க வைத்தியக் கல்லூரி நடக்கிறது. கூட ஒருவர் போனால், டாக்டரிடம் பாட்டி விழுங்கும் பாதிக் கதையையும் சொல்லிவிடலாம்.