இருமலுக்கும் கணக்கு வேண்டும்

மே மாதம் பிறந்தால் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேல் பருவமழை இறங்கிவிடும். மார்கழி, தை மாதங்களில் பதுளை, பசறைப் பக்கம் வாடைக் காற்றோடு மழை. மழையோடு காய்ச்சலும் இருமலும் லயங்களில் குடியேறுகின்றன. ஒரு காம்பராவில் தொடங்கினால் கிழமை திரும்புவதற்குள் லயம் முழுக்கச் சுற்றிவிடுகிறது. வருடா வருடம் நாம் காண்பதுதான். ஆனால் எத்தனை பேருக்கு வந்தது என்று கேட்டால் எவரிடமும் கணக்கு இல்லை.

இலங்கையில் இன்புளுவன்சாக் காய்ச்சல் வழக்கமாக வருடத்தில் இரண்டு முறை கூடுகிறது: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு முறை, நவம்பர் முதல் ஜனவரி வரை இன்னொரு முறை. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு, தெரிவு செய்த சில ஆஸ்பத்திரிகளுக்கு வரும் நோயாளரை வைத்தே இதைக் கண்காணிக்கிறது. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவரின் காய்ச்சல் அந்தக் கணக்கில் சேராது.

நம்மில் எத்தனை பேர் அந்த வாசலை மிதிக்கிறோம்? ஒரு நாள் போனால் ஒரு பேர் போய்விடும். பஸ் காசு வேறு. ஆகவே இரண்டு பனடோலைப் போட்டு, படங்கைக் கட்டிக்கொண்டு நமது சகோதரிகள் நனைந்தபடி மலை ஏறுகிறார்கள். மருந்துக் காம்பராப் புத்தகத்தில் நோய் இல்லை. லயத்தில் இருக்கிறது.

கடந்த மழைக்காலத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஒரு கிழமை முழுவதும் பாதி வாங்குகள் காலியாகக் கிடந்தன. வைத்திய முகாம் ஒன்றைக் கேட்டபோது, "அப்படிப் பெரிதாக நோய் எதுவும் பதிவாகவில்லையே" என்றது நிர்வாகம். மறுத்துப் பேச நமது கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை. பாடசாலை வரவு இடாப்பை எடுத்துக் காட்டலாம் என்பது நமக்கே பிந்தித்தான் தோன்றியது. அது நமது தவறு.

வரும் மழைக்கு முன்பே இதைத் திருத்துவோம். லயத்துக்கு ஓர் அப்பியாசக் கொப்பி போதும். ஞாயிறுதோறும் மாதர் சங்கத் தலைவியோ, படிக்கும் பிள்ளை ஒருவரோ காம்பராக் காம்பராவாகப் போய் நான்கு கேள்விகள் கேட்கட்டும். இந்தக் கிழமை காய்ச்சலும் இருமலும் சேர்ந்து புதிதாக வந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள், வயோதிபர்கள், கர்ப்பிணிகள் எத்தனை பேர்? எத்தனை பேர் வேலைக்குப் போகவில்லை? எத்தனை பேர் மருந்து எடுத்தார்கள்?

பெயர் எழுத வேண்டாம். எண்ணிக்கை மட்டும் போதும். யாருக்கு நோய் என்பது துரைக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் தெரிய வேண்டியதில்லை.

"இது அரசாங்கத்தின் வேலை அல்லவா?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அரசாங்கத்தின் வேலைதான். அதைச் செய் என்று கேட்பதற்கே இந்தக் கணக்கு. என்ன நோய் என்பதைக் கொப்பி சொல்லாது. அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். ஆனால் போன கிழமை மூன்று பேர், இந்தக் கிழமை ஒன்பது பேர் என்று கொப்பி காட்டினால், அதே நாளில் பொதுச் சுகாதார பரிசோதகரிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் கொண்டுபோய் வைக்கலாம். கொழுந்து மடுவத்தில் சுடுதண்ணீரும் நனையாமல் நிற்க இடமும், நோயாளிக்குப் பேர் வெட்டாத ஓய்வும் கேட்கும்போது அந்த எண்களே நமக்குச் சாட்சி.

கணக்கு எடுப்பவர்கள் இரண்டு விடயங்களை மறக்கக் கூடாது. கைக்குழந்தை வேகமாக மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு உள்ளிழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நிற்காதவரிடம் சளிப் பரிசோதனைக்குப் போகச் சொல்லுங்கள். அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் அதுவும் இலவசம். காசநோய் வெட்கப்பட வேண்டிய நோயல்ல, மருந்தால் குணமாகும் நோய்.

நிறுத்த கொழுந்தின் ஒவ்வொரு கிலோவுக்கும் தோட்டத்தில் கணக்கு இருக்கிறது. அதைப் பறித்த கையின் காய்ச்சலுக்கும் இருக்கட்டும். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது முதற் பக்கம் எழுதிய கொப்பியோடு வாருங்கள்.