புதுச்சேரியின் வாக்குச் சீட்டு

விருத்தாசலத்திலிருந்து பேருந்தில் இரண்டு மூன்று மணி நேரத்தில் சென்றுவிடக்கூடிய புதுச்சேரியிலே, வயது வந்த ஆடவர்கள் 1871 முதல் பாரிசு நாடாளுமன்றத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது தென்னார்க்காட்டிலிருந்த நம் பாட்டனார்களுக்கு வாக்கு என்றால் சத்தியம் என்ற ஒரே பொருள்தான் தெரிந்திருக்கும்! 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் சொத்தும் வரியும் உடைய சிலருக்கு மட்டும் அவ்வுரிமை கிட்டியது. எல்லோருக்கும் கிடைக்க 1952 வரை காத்திருந்தோம்.

ஆதலால் பிரெஞ்சுக்காரர் வெள்ளையரினும் பெருந்தன்மையானவர் என்று வகுப்பு நண்பர்கள் சிலர் வாதிடுவதுண்டு. நான் அதனை ஏற்பதற்கில்லை.

உள்ளூர் மன்றங்களுக்கான தேர்தலைப் பாருங்கள். 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியல்களாகப் பிரித்தனர். முதற்பட்டியலில் ஐரோப்பியரும் அவர்தம் வழியினரும். இரண்டாவதில், 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தம் சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள். மூன்றாவதில் எஞ்சிய மக்கள் அனைவரும். ஒவ்வொரு பட்டியலுக்கும் சம இடங்கள். சில நூறு பேருக்கும் பல்லாயிரம் பேருக்கும் ஒரே அளவு என்றால், இஃது எந்த ஊர்த் தராசு? சட்டம் மாறினால் சமமாகலாம் என்று நம்பிப் பழைய முறையைத் துறந்தவர்களுக்குத் தனிப் பட்டியலே மிஞ்சியது. 1899இல் மூன்று இரண்டாயிற்று. பிரிவு மட்டும் 1945 வரை நீடித்தது. பெண்களுக்கு வாக்கு வந்ததும் அதன் பின்னரே.

பாரிசுக்கு அனுப்பும் உறுப்பினருக்கோ பட்டியல் கிடையாது. எல்லோரும் சேர்ந்தே வாக்களித்தனர். ஆயினும் மக்களின் சீட்டுகள் உள்ளூர்ப் பெரியதனக்காரர் கையில் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நாடு சண்முக வேலாயுத முதலியாரின் ஆதரவின்றி அங்கே வெல்வது அரிது. தமிழரின் வாக்கால் வென்று சென்றவர்களோ பிரெஞ்சுக்காரர்கள். லாம்பேர் சரவணன் உறுப்பினரானது 1946இல்தான்.

இறுதிக் கேள்வியும் மக்களிடம் நேராக வரவில்லை. சந்திரநாகூரில் 1949இல் பொது வாக்கெடுப்பு நடந்தது: இந்தியாவோடு இணைய 7,463 பேர், எதிர்த்து 114 பேர். புதுச்சேரிக்கு அவ்வாய்ப்பு இல்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர், எட்டுப் பேர் மறுத்தனர். மக்களையே கேட்டிருந்தாலும் முடிவு மாறியிராது என்பதே என் எண்ணம். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

இன்றும் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது புதுச்சேரியில் வாக்குச்சாவடி அமைகிறது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். இப்போது ஒரே பட்டியல்தான்.