ஏ-க்கு ஒரு கால்

ஜூன் 3 உலக சைக்கிள் தினம். 2018இல் ஐ.நா. அறிவித்தது. அந்தச் சாக்கில் அக்கா மகன் ஆம்ஸ்டர்டாமிலிருந்து நாற்பது படம் அனுப்பிவிட்டான். வாடகை சைக்கிள், கால்வாய், பாலம், மறுபடி கால்வாய். "ஒருநாள் பூரா தனியா சுத்தினேன் மாமா. நீங்க திருமானூர்ல என்ன பண்றீங்க?" என்று கடைசியில் ஒரு குத்தல்.

விடுவேனா? பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், அரசு கொடுத்த பள்ளிக்கூட சைக்கிளை இரவல் வாங்கினேன். "பிரேக் சரியாப் பிடிக்காது தாத்தா, காலை ஊனிக்கங்க" என்று எச்சரித்துத்தான் கொடுத்தாள். அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே கால் ஊன்ற இடம் ஏது? வண்டியைத் தள்ளிக்கொண்டு கொள்ளிடம் பாலம் வரை நடந்தேன். ஜூன் மாதக் கொள்ளிடத்தில் மணல்தான் ஓடுகிறது. திரும்பி வந்து கிழக்கே மிதித்தேன்.

நமக்கு சைக்கிள் பாதை ஏன் இல்லை என்றுதான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். வழியில் ஒரு சுவர் கெடுத்துவிட்டது.

என் எழுத்துப்பிழைப் புலம்பல் உங்களுக்குப் பழக்கம்தான். "சுவர் விளம்பரத்தை விடவே மாட்டீரா?" என்று கடிதம் போட்டவர் உட்பட எல்லோரும் மன்னிக்கவும். அந்தச் சுவரில் முழ நீள எழுத்தில் 'எலாக்குறிச்சி' என்று இருந்தது. ஏ-க்குக் கால் இல்லை.

வேறு ஊராக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஏலாக்குறிச்சி வீரமாமுனிவர் ஊர். 1680இல் வட இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்த பெஸ்கிதான் அவர். முப்பது வயதில் தமிழ்நாட்டுக்கு வந்து, இந்த ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்துக் கலம்பகம் பாடினார். அடைக்கல மாதா கோயில் அவர் எழுப்பியது. 3615 பாட்டில் தேம்பாவணி, 1732இல் சதுரகராதி. நம் ஆட்கள் பரமார்த்த குரு கதையை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்! 1747இல் அவர் இறந்து, மேலும் 70 ஆண்டு கழித்துத்தான் ஜெர்மனியில் டிரைஸ் இருசக்கர வண்டியை உருட்டினார். இந்த மண்ணை முனிவர் சுற்றியது சைக்கிள் இல்லாத காலத்தில்.

அந்தக் காலத்து ஓலையில் எ, ஏ இரண்டுக்கும் ஒரே வடிவம். தொல்காப்பியர் சொன்னபடி குறிலுக்குத்தான் தலையில் புள்ளி. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று எழுதுபவர்கள் விட்டுவிடுவார்கள். படிப்பவர் பாடு திண்டாட்டம். எ-க்குக் கீழே கால் இழுத்து ஏ ஆக்கியவரும், ஒ-வுக்குச் சுழி போட்டு ஓ ஆக்கியவரும் வீரமாமுனிவர்தான் என்பது வழக்கு. அவர் இழுத்த கால் அவர் ஊர்ப் பெயரின் முதல் எழுத்திலேயே நிற்கிறது. ஆம்ஸ்டர்டாமில் நாற்பது படம் எடுத்தவனுக்கு இது கிடைக்குமா?

மாதா கோயில் வாசலில் மோர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. பழைய கணக்குப்படி, புள்ளி இல்லாத எ நெடில். பெயிண்டர் எழுதியது தொல்காப்பியருக்குச் சரி, வீரமாமுனிவருக்குத்தான் தப்பு.

திரும்பும்போது இரண்டு இடத்தில் காலை ஊன்றினேன், செருப்பு பிய்ந்தது. அந்தப் பக்கம் போகிற புண்ணியவான் யாராவது கொஞ்சம் கறுப்பு பெயிண்ட் எடுத்துப்போங்கள். சுவர் இடது கைப் பக்கம்.