ஊசி தாங்கும் கை

இசைத்தட்டுக் கேட்கும் வழக்கம் மீண்டும் துளிர்த்திருக்கின்றது. மகிழத்தக்கதே. ஆயின், அதற்குப் பணஞ் செலவிட முன்வரும் அன்பர்கள் முதலில் வாங்குவது பெரிய ஒலிபெருக்கி. ஊசியைத் தாங்கித் தட்டின்மீது நகரும் சிறு கையை நினைப்பார் அரியர். இது முறை பிறழ்ந்தது என்பேன். ஒலிபெருக்கி தீதாயின் அன்றைய ஒலி மட்டுமே கெடும். கை தீதாயின் தட்டே கெடும்.

எல்பி தட்டின் பள்ளத்தில் ஓடும் வைர ஊசிக்கு ஏறத்தாழ 2 கிராம் பாரம் போதும். சாவி கொடுத்து இயக்கும் பழைய கிராமபோனின் தலையோ 100 கிராமுக்கு மேலும் அழுத்தும். அக்காலத்து 78 சுற்றுத் தட்டு, அரக்கோடு கற்பொடி கலந்து வார்த்தது. உருக்கு ஊசியே அதில் தேயும். ஆதலின் பக்கத்துக்கு ஓர் ஊசி மாற்றினர். 1948 இல் வந்த எல்பி தட்டு மெல்லிய வினைலால் ஆயது. அதனை அப்பெட்டியில் இட்டால் ஏர் உழுதது போலாகிவிடும்.

பாரம் குறையக் குறைய நன்று என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. பாரம் போதாத ஊசி பள்ளத்தின் சுவரை விட்டெழுந்து துள்ளி விழும்; அத்துள்ளல் அளவான அழுத்தத்தினும் கொடிது. எதிர்ப்பாரத்தைத் திருகி அளவாக நிறுத்தத்தக்கதும், மூட்டில் இறுக்கமோ ஆட்டமோ இல்லாததுமான கையே வேண்டுவது. மேலும், தட்டை வெட்டிய ஊசி நேர்கோட்டிற் சென்றது. நம் வீட்டுக் கையோ ஓரிடத்தே நின்று வில்போல் வளைந்து செல்வது. அவ்வேறுபாட்டைக் குறைக்கவே தலையைச் சற்றுக் கோணலாக அமைக்கின்றனர். (அழகுக்கென்று எண்ணியிருந்தார் என் நண்பர் ஒருவர்.) தலை கழற்றி மாட்டத்தக்கதாயின் பின்னும் நன்று. 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகன்றது. எல்பி ஊசி அதன் அடியிற் கிடந்து இரைச்சலையே வாரித் தரும். தட்டுக்கேற்ப ஊசியை மாற்றிக்கொள்ளலாம்.

நிற்க. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். 1887 இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் எமில் பெர்லினர் தட்டுக் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். பிள்ளையவர்கள் கையாண்டவை தொட்டால் உதிரும் ஏடுகள். படிப்பதற்குப் பிரித்தாலே சேதம். இசைத்தட்டுக்கும் அதே இடர் உண்டு. 1933 இல் 27 வயதில் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலை அத்தட்டுகளே நமக்குக் காத்துத் தந்தன.

எங்கள் உயிலங்குளத்து மக்கள் போர்க்காலத்தில் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தவர்கள். உயிரைக் காக்க ஓடுவோர் இசைத்தட்டையா சுமப்பர்? எனினும் சில வீடுகளில் அவை எஞ்சியுள்ளன. விருந்தினர் வந்தால் எடுத்துத் தேய்ந்த ஊசியில் ஓட்டிக் காட்டுகின்றனர். வேண்டாம் என்று எத்தனை முறை சொல்வது! ஊர் வாசிகசாலை நல்ல கையுடைய கருவி ஒன்றை வாங்கலாம். தட்டுகளைத் துடைத்து, ஒவ்வொன்றையும் ஒருமுறை ஓட்டிக் கணினியிற் பதிந்துவிட்டால் விருந்தினருக்குப் பதிவையே போட்டுக் காட்டலாம். அதுவரை அவை உறைக்குள், சாயாமல் நிமிர்ந்து நிற்கட்டும்.