ப்ளகின் சந்தை திறக்க முன் தராசைச் சரிபார்ப்போம்



கொஞ்ச நாளாக நமது ஆசிரியர் குறூப்புகளிலும் ஊர் வாலிபர்களின் குறூப்புகளிலும் ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. அம்பிட்டியவிலும் கண்டியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நம் ஆட்கள் செய்து வைத்திருக்கும் சின்னச் சின்ன ப்ளகின்களை ஒரே இடத்தில் சேர்த்தால் என்ன? தேவையானவர் எடுத்துக்கொள்ளலாம், செய்தவருக்கும் ஏதாவது கிடைக்கும். நல்ல யோசனை. நாங்கள் அதற்கு முழு ஆதரவு. ஆனால் பேச்செல்லாம் இணையத்தளம் எப்படி இருக்க வேண்டும், என்ன விலை போடுவது என்பதிலேயே நிற்கிறது. சந்தையில் தராசைப் பார்ப்பவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

ப்ளகின் என்றால் என்ன என்று கேட்கும் பெற்றோருக்காக ஒரு வரி: வேர்ட், எக்ஸல், குரோம் போன்ற பெரிய மென்பொருளோடு ஒட்டிவைக்கும் சிறிய துண்டு அது. பெரிய மென்பொருள் செய்யாத ஒரு வேலையை அது செய்து தரும். உதாரணத்துக்கு, நமது பாடசாலைகளில் பழைய வினாத்தாள்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அதை போனில் திறந்தால் கிறுக்கல் மாதிரித் தெரியும். ஒரு பட்டனை அழுத்தியதும் யுனிகோடுக்கு மாற்றித் தரும் துண்டு ஒன்று இருந்தால் ஆசிரியருக்கு ஓர் இரவு மிச்சம். தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் போட்டதும் கூட்டி, நிலை போட்டு, பிள்ளைக்கு ஒரு தாளாக அச்சடித்துத் தரும் எக்ஸல் துண்டும் அப்படித்தான். பிரவுசரின் மூலையில் அடுத்த தொழுகை நேரத்தைக் காட்டுவதும் ஒரு துண்டுதான். இவற்றைச் செய்யத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். இன்று அவை பென் டிரைவிலும் வட்ஸ்அப்பிலும் கைமாறுகின்றன. யார் செய்தது, எது புதியது, எதில் பிழை திருத்தப்பட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. எனவே சந்தை தேவைதான்.

ஆனால் ஒரு ப்ளகின் நமது கணினிக்குள் இருந்துகொண்டு வேலை செய்கிறது. எக்ஸல் தாளில் இருப்பதை அது வாசிக்கும். பிரவுசரில் நாம் திறக்கும் பக்கங்களை, அனுமதி கொடுத்திருந்தால், எல்லாவற்றையும் வாசிக்கும். சந்தையில் வாங்கிய கத்தரிக்காய் பழுதென்றால் அன்றைய கறி மட்டும்தான் போகும். ப்ளகின் பழுதென்றால் வீட்டுச் சாவி போகும்.

உலகத்தில் இது நடந்திருக்கிறது. குரோமில் 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒரு துண்டு இருந்தது. பாவிக்காத பக்கங்களைத் தூங்கவைத்துக் கணினியை வேகமாக்கும் நல்ல சாமான், 20 லட்சம் பேருக்கு மேல் பாவித்தார்கள். 2020இல் அதைச் செய்தவர் முகம் தெரியாத ஒருவருக்கு விற்றுவிட்டார். பாவித்தவர்களில் பெரும்பாலானோருக்கு அது தெரியவே இல்லை. 2021 பெப்ரவரியில் தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுளே அதை நீக்கியது. அதற்கு முன் 2017இல் வேர்ட்பிரஸில் 'டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்' என்ற ப்ளகினுக்கும் இதே கதைதான். சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்தது, கை மாறியது, புதிய பதிப்பில் பின்கதவு வைக்கப்பட்டது. இரண்டிலும் முதல் நாள் கடைக்கு வந்த சாமானில் குற்றமில்லை. பிறகுதான் உள்ளே இருந்தது மாறியது.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை 'முஸ்லிம் ப்ரோ'. தொழுகை நேரமும் கிப்லாவும் பார்க்க நம்மில் பலர் வைத்திருந்த செயலி. அதைப் பாவிப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற தரவு 'எக்ஸ்-மோட்' என்ற கம்பனிக்குப் போவதாகவும், அந்தக் கம்பனியின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்கள் இருப்பதாகவும் 2020 நவம்பரில் 'மதர்போர்ட்' செய்தி வெளியிட்டது. இராணுவத்துக்கு விற்றதாகச் சொல்வதை முஸ்லிம் ப்ரோ மறுத்தது. ஆனாலும் எக்ஸ்-மோட்டோடு இருந்த தொடர்பை முறித்துக்கொண்டது. இப்படிப்பட்ட தரவு அனுப்பும் வேலையைப் பெரும்பாலும் செய்வது, செயலிக்குள் சேர்க்கப்படும் வேறொரு கம்பனியின் சிறு துண்டு. தொழுகைக்காகத் திறந்த போன் எங்கே நின்று திறந்தோம் என்பதை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் நடந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. எந்த வீட்டில் யார், எந்தப் பிள்ளை எந்த மதம், தகப்பனுக்கு என்ன தொழில், போன் நம்பர் என்ன என்ற பட்டியல் எங்கே போகிறது என்று கேட்பது நமக்கு வீண் சந்தேகம் அல்ல. ஒரு வகுப்பின் புள்ளித் தாளில் இதெல்லாம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளைகள் பற்றிய தரவை விசேட கவனம் வேண்டிய வகையில்தான் வைத்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது பெற்றோர் நம்மிடம் தந்த அமானிதம்.

அதனால் சந்தையை அமைப்பவர்களிடம் நாங்கள் ஐந்து விஷயங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, குறையை மேலே வைக்க வேண்டும். தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை ஏன் மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். மழையில் நனைந்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை, மறைத்ததற்காகத்தான் கண்டிக்கப்பட்டார். 'எஃப்-டிரொய்ட்' என்று 2010இலிருந்து இயங்கும் ஒரு செயலிக் களஞ்சியம் இருக்கிறது. விளம்பரம் காட்டுகிறதா, பாவிப்பவரைப் பின்தொடர்கிறதா என்பதையெல்லாம் ஒவ்வொரு செயலியின் பக்கத்திலும் அதுவே எழுதி வைக்கிறது. நமது சந்தையிலும் ஒவ்வொரு ப்ளகினுக்கு மேலும் மூன்று வரி வேண்டும்: எதை வாசிக்கிறது, எங்கே அனுப்புகிறது, எது இன்னும் சரியாக வேலை செய்யவில்லை. தமிழிலும் சிங்களத்திலும், ஒரு தாய்க்கு விளங்கும் பாஷையில்.

இரண்டாவது, ஒவ்வொரு சாமானையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஒருவர் நிரல் தெரிந்தவர், மற்றவர் விஷயம் தெரிந்தவர். தொழுகை நேர ப்ளகினை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பை விடக் கண்டி சுமார் முக்கால் பாகை கிழக்கே இருக்கிறது, அதாவது ஏறக்குறைய 3 நிமிட வித்தியாசம். கொழும்பு நேரத்தை அப்படியே காட்டும் துண்டை நம்பி ஸஹர் சாப்பிடுபவர் சுபஹுக்குப் பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதை விடப் பெரிய வித்தியாசம் சுபஹுக் கணக்கில் இருக்கிறது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகையில் இருக்கும்போது என்று கணிக்கும் முறையும் உண்டு, 15 பாகை என்று கணிக்கும் வட அமெரிக்க முறையும் உண்டு. இரண்டுக்கும் இடையில் நமது நாட்டில் 12 நிமிடம் அளவில் வரும். நிரலில் ஒரு பிழையும் இல்லாமலேயே நோன்பு பிழைக்கலாம். ஜம்இய்யத்துல் உலமாவின் நேர அட்டவணையோடு ஒப்பிட்டு ஒரு ஆலிம் கையெழுத்து வைக்காமல் அந்தத் துண்டு சந்தைக்கு வரக் கூடாது. புள்ளித் தாளுக்கு ஒரு வகுப்பாசிரியர், பாமினி மாற்றிக்கு ஒரு தமிழ் ஆசிரியர். இதுதான் ஒழுங்கு.

மூன்றாவது, புதிய பதிப்பு என்பது புதிய சாமான். வேர்ட்பிரஸ் களஞ்சியத்தில் 60,000 அளவில் இலவச ப்ளகின்கள் இருக்கின்றன. முதல் தடவை வரும்போது அவர்கள் பார்க்கிறார்கள், ஆனால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பதிப்பையும் ஆள் இருந்து பார்ப்பதில்லை. அவ்வளவு பெரிய இடத்தில் அது கஷ்டம். நாம் சிறிய இடம், நம்மால் முடியும். நமது கடைத்தெருவில்கூட தராசுக்கு ஒரு தடவை முத்திரை குத்தினால் ஆயுளுக்கும் போதாது, மறுபடியும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதே போல, செய்தவர் விற்கவோ விட்டுப் போகவோ நினைத்தால் முதலில் சந்தைக்குச் சொல்ல வேண்டும். மூல நிரலின் ஒரு பிரதி சந்தையிடம் இருக்க வேண்டும். பிள்ளை உயர்தரம் முடித்துக் கட்டாருக்கோ கொழும்புக்கோ போய்விட்டால், அடுத்தவர் அதை எடுத்து நடத்த வழி இருக்க வேண்டும்.

நான்காவது, சாவி ஒருவர் கையில் இருக்கக் கூடாது. 2024 ஒக்டோபரில் வேர்ட்பிரஸில் என்ன நடந்தது என்று பாருங்கள். களஞ்சியத்தை நடத்துபவர்களுக்கும் 'டபிள்யூபி என்ஜின்' என்ற கம்பனிக்கும் தகராறு. அந்தக் கம்பனியின் 'ஏசிஎஃப்' என்ற ப்ளகின் 20 லட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் இருந்தது. களஞ்சியத்தில் அதன் இடத்தை நடத்துபவர்களே எடுத்து வேறு பெயரில் போட்டுவிட்டார்கள். டிசம்பரில் நீதிமன்றம் தலையிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அந்தச் சண்டையில் யார் சரி என்பது நமக்குத் தேவையில்லை. சந்தையின் கதவும் சந்தையில் ஒரு கடையும் ஒரே ஆளிடம் இருந்தால் ஒரு நாள் இப்படி வரும். எனவே பள்ளிவாசல் நிர்வாகம் மட்டும், அல்லது ஒரு வாலிபர் சங்கம் மட்டும், அல்லது கணினி தெரிந்த ஒரே ஒருவர் மட்டும் என்று இல்லாமல் ஒரு சிறு குழு இருக்க வேண்டும். அதில் பெண் ஆசிரியைகளும் இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தத் துண்டுகளை அதிகம் பாவிப்பவர்கள் அவர்கள்தான். ஒரு ப்ளகினை நீக்கினால் காரணத்தை எழுதி நீக்க வேண்டும், செய்தவருக்கு மறுமொழி சொல்ல இடம் கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, காசு. "ஸதகதுல் ஜாரியா தானே, இலவசமாகக் கொடுங்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்வது நமக்குப் பழகிவிட்டது. கொடுக்க விரும்புபவர் கொடுக்கட்டும், அல்லாஹ் கூலி தருவான். ஆனால் மேசன் வேலைக்கும் தையல் வேலைக்கும் கூலி கொடுக்கிற நாம் நிரல் எழுதும் வேலைக்கு மட்டும் துஆ கொடுத்து அனுப்புவது நியாயமில்லை. காசு வராத இடத்தில்தான் பிறகு விளம்பரக்காரனும் தரவு வாங்குபவனும் வந்து நிற்கிறான். மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் சந்தைக்கு இடம் ஒதுக்கி, அங்கே வியாபாரிகளிடம் வரி அறவிடக் கூடாது என்று சொன்னதாக அறிவிப்பு இருக்கிறது. நாமும் அப்படியே சாமான் வைப்பதற்குக் கட்டணம் எடுக்காமல் விடலாம். செய்தவர் விலை போடட்டும், அல்லது பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வருடத்துக்கு ஒரு தொகை கொடுத்துப் பராமரிப்பைப் பொறுப்புக் கொடுக்கட்டும். ஒன்றே ஒன்று மட்டும் ஹராமாக இருக்கட்டும்: பிள்ளைகளின் விபரத்தை விற்றுச் சம்பாதிப்பது.

நட்சத்திரம் போடும் முறை வேண்டாம் என்பதையும் சொல்லிவைக்கிறோம். ஊருக்குள் ஐந்து நட்சத்திரம் என்றால் மச்சான் போட்டது ஒன்று, சாச்சா மகன் போட்டது ஒன்று. அதற்குப் பதிலாக, எத்தனை பாடசாலைகளில் எத்தனை தவணை பாவித்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள். மூன்று தவணை ஓடிய சாமானுக்கு வேறு சிபாரிசு தேவையில்லை.

"இவ்வளவு சட்டம் போட்டால் யார் வருவார்கள்" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாங்கள் சொல்வது நூறு ப்ளகினோடு திறக்க வேண்டும் என்பதல்ல. பாமினி மாற்றி ஒன்று, புள்ளித் தாள் ஒன்று, தொழுகை நேரம் ஒன்று. இந்த மூன்றையும் சரியாகப் பார்த்து, மேலே மூன்று வரி எழுதி, இரண்டு கையெழுத்தோடு அடுத்த தவணைக்கு முன் வைத்தால் போதும். சிங்களப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் புள்ளித் தாள் வேலை அதேதான், கதவை அவர்களுக்கும் திறந்து வையுங்கள். நம் கையால் நேர்மையாக அளந்து கொடுத்த சாமான் அவர்களிடமும் போவது இந்த ஊருக்கு நல்லது.

நிரல் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் கீழே எழுதுங்கள். பார்த்துக் கையெழுத்து வைக்க நேரம் ஒதுக்கக்கூடிய ஆசிரியர்கள், ஆலிம்கள் இருந்தால் அவர்களும் எழுதுங்கள். முதலில் நமக்குத் தேவைப்படுவது இரண்டாவது சாரார்தான். செய்பவர்கள் ஏற்கனவே இருக்கிறார்கள்.

அல்லாஹ் இதில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.